பஞ்சத்தின் எழுவாய்

1984 ஆம் ஆண்டு அக்டோபர் 23 ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சியில் சில மணித்துளிகளே ஓடிய ஒரு படச்செய்தியை ஈண்டுத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். எத்தியோப்பியாவின் வடபகுதியிலுள்ள கோரெம் என்னும் ஊருக்கு வெளியே, விடியற்காலைக் குளிரில், பல்லாயிரம் மக்கள் பசியால் சோர்ந்து தரையிற் கிடந்த காட்சி அது. படம் பிடித்தவர் கென்யாவைச் சேர்ந்த முகமது அமீன். உரை எழுதிப் பேசியவர் மைக்கேல் பர்க். இறையியல் ஏட்டுக்கும் தொலைக்காட்சிச் செய்திக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவுதல் இயல்பே. அத்தொடர்பு உரையின் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. எழுகின்ற கதிரவன் காட்டுவது ஒரு ‘பிப்ளிக்கல்’ பஞ்சம், அதாவது திருமறையில் நாம் காணும் பஞ்சம் போன்றது, அதுவும் இருபதாம் நூற்றாண்டில் என்று செய்தியாளர் தொடங்குகிறார். நமது நூலின் பெயரைக்கொண்டு ஒருவர் உலகுக்குச் செய்தி சொல்லும்போது, அப்பெயர் அங்கே என்ன பணி செய்கிறது என்று கேட்பது நமது கடமையாகிறது.

அச்செய்தி பொய்ச்செய்தி அன்று என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். காட்டப்பட்டவை யாவும் உள்ளவையே. பல நாடுகளில் 400க்கு மேற்பட்ட தொலைக்காட்சி நிலையங்கள் அதனை எடுத்து ஒளிபரப்பின. அவ்வாண்டு டிசம்பரில் பாப் கெல்டாஃப் முதலிய பாடகர்கள் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டும், 1985 ஜூலை 13 இல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியும் அதன் விளைவுகளே. தானியம் சென்றது, உயிர்கள் பிழைத்தன. இதை மறந்து பேசுகின்ற திறனாய்வு பயனற்றது. (அந்த இசைத்தட்டின் தலைப்பு, கிறிஸ்துமஸ் வந்தது அம்மக்களுக்குத் தெரியுமா என்னும் பொருளில் அமைந்திருந்தது. நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்று, இன்றளவும் ஜனவரி 7 ஆம் நாள் அத்திருநாளைக் கொண்டாடிவரும் திருச்சபையுள்ள நாட்டைக் குறித்து இப்படிக் கேட்கத் தோன்றியதே, செய்தி எவ்வளவைச் சொல்லாமல் விட்டது என்பதற்கு ஒரு சான்றாகும்.)

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்றொன்று உண்டு. ‘நாளை வருவேன்’ என்றால் ‘நான்’ என்பது சொல்லாமலே விளங்கும். செய்தித்தாள் நடையில் காணப்படுவதோ வேறு வகை. அங்கே செய்தவன் தோன்றுவதில்லை. அவனைத் தேடவேண்டும் என்பதும் வாசகனுக்குத் தோன்றுவதில்லை. ‘மக்கள் பட்டினியால் வாடுகின்றனர்’, ‘ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர்’ என்னும் வாக்கியங்களில் வாடுவோரும் இடம்பெயர்வோரும் எழுவாயாக நிற்கின்றனர். வாடச் செய்தவனும் ஊரைவிட்டுத் துரத்தியவனும் வாக்கியத்துக்கு வெளியே நிற்கின்றனர். ‘பஞ்சம் தலைவிரித்தாடுகிறது’ என்று எழுதும்போது பஞ்சமே தன் தலையைத் தானே விரித்துக்கொண்டு ஆடுகிறது! ‘பிப்ளிக்கல்’ என்னும் ஒரு சொல் இவ்வளவையும் ஒருசேரச் செய்தது. அது நிகழ்ச்சியை நமது காலத்திலிருந்து பெயர்த்தெடுத்து, அரசும் படையும் வரிவசூலும் இல்லாத ஏதோ ஒரு தொல்பழங்காலத்தில் கொண்டுபோய் வைத்தது.

நிகழ்ந்தது என்ன? வடக்கில் மழை பொய்த்தது உண்மையே. ஆனால் எரித்திரேயாவில் 1961 முதலும் திக்ரேயில் 1975 முதலும் மைய அரசுக்கு எதிராக ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மெங்கிஸ்டு ஹைலே மரியத்தின் தலைமையிலிருந்த ‘தெர்க்’ என்னும் இராணுவ ஆட்சி அப்பகுதிகளின்மேல் மீண்டும் மீண்டும் படையெடுத்தது. சந்தைகள்மீது வானிலிருந்து குண்டுகள் வீழ்ந்தன. தானிய வணிகரின் போக்குவரத்தும், அறுவடைக் காலத்தில் கூலிவேலை தேடி வேற்றூர் செல்லும் ஏழை உழவரின் பயணமும் தடுக்கப்பட்டன. அரசு குறித்த குறைந்த விலைக்கு விளைச்சலை விற்றாகவேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. அலெக்ஸ் டி வால் என்னும் ஆய்வாளர் 1991 இல் ‘ஆப்பிரிக்கா வாட்ச்’ என்னும் மனித உரிமை அமைப்புக்காக எழுதிய அறிக்கையில், பஞ்சம் மிகக் கடுமையாக இருந்த நிலப்பரப்பும் போர் நடந்த நிலப்பரப்பும் பெரும்பாலும் ஒன்றே என்பதையும், 1984 இன் மழை பொய்ப்பதற்கு முன்னரே பஞ்சம் தொடங்கிவிட்டது என்பதையும் எடுத்துக்காட்டினார். இறந்தோர் நான்கு இலட்சத்துக்குக் குறையார் என்பது அவர் கணக்கு. பத்து இலட்சம் என்போரும் உளர். பஞ்ச நிவாரணம் என்ற பெயரிலேயே வடபகுதி மக்கள் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் தென்மேற்குக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வழியிலும் புதிய குடியிருப்புகளிலும் மாண்டோர் பலர். இதனை வெளிப்படையாகக் கண்டித்த ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு 1985 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது.

போரைப்பற்றிய குறிப்பு அந்நாள் செய்திகளில் அறவே இல்லை என்பது நமது வாதம் அன்று. குறிப்புகள் வந்தன, ஆயினும் அவை பின்னணியாகவே நின்றன. பார்த்தோர் மனத்தில் பதிந்தது வானமும் வறண்ட நிலமும் எலும்புந்தோலுமான குழந்தைகளுமே. இந்நிலைக்குச் செய்தியாளர் ஒருவரையே பொறுப்பாக்குதல் நேர்மையாகாது. ஆட்சியைக் கைப்பற்றிய பத்தாம் ஆண்டு விழாவை 1984 செப்டம்பரில் பெருஞ்செலவில் கொண்டாடிய அரசு, அயல்நாட்டுச் செய்தியாளரை வடக்கே செல்லவிடாமல் தடுத்துவைத்திருந்தது. அனுமதியோ அரசின் கையில். விமான இருக்கையோ உதவி நிறுவனத்தின் கையில். இவ்விருவரையும் பகைத்துக்கொண்டு கோரெமுக்குப் போக இயலாது. இத்துடன் செய்தித்தொழிலின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. யோஹான் கால்டுங், மாரி ரூகே என்னும் நார்வே நாட்டு ஆய்வாளர் இருவர், காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தம் நாட்டு நாளேடுகள் நான்கு எவ்வாறு வெளியிட்டன என்று ஆராய்ந்து 1965 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாளேட்டின் ஒருநாள் கால அளவுக்குள் தொடங்கி முடிகின்ற நிகழ்ச்சியே எளிதில் செய்தியாகிறது. மெல்ல மெல்ல வளர்வது செய்தியாவதில்லை என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. எத்தியோப்பிய அரசின் நிவாரண ஆணையமே 1984 மார்ச் மாதத்தில் உலக நாடுகளை எச்சரித்திருந்தது. ஜூலை மாதத்தில் பிரிட்டனின் வேறொரு தொலைக்காட்சி நிறுவனம் இதுபற்றிய படமொன்றைக் காட்டியிருந்தது. ஆயினும் உலகத்துக்குப் பஞ்சம் அக்டோபர் 23 அன்றுதான் ‘வந்தது’.

படம் உண்மையைக் காட்டும், சொல்தான் ஏமாற்றும் என்று எண்ணுவோரும் உளர். அவர்களுக்கு அதே நாட்டிலிருந்து மற்றொரு சான்று. 1973 இல் வொல்லோ மாநிலத்தில் உண்டான பஞ்சத்தை ஜோனதன் டிம்பிள்பி என்னும் பிரித்தானியச் செய்தியாளர் படமாக்கினார். அப்பஞ்சத்தைப் பின்னர் ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981 இல் வெளிவந்த தம் நூலில், நாட்டின் மொத்த உணவு விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை என்றும், வொல்லோவிலிருந்து தானியம் வெளியே சென்றதும் உண்டு என்றும் காட்டியது அறிஞர் அறிந்ததே. டிம்பிள்பியின் படத்துக்கு நேர்ந்ததே ஈண்டு நமக்கு வேண்டுவது. 1974 செப்டம்பரில் இராணுவத்தினர் அப்படத்தை எடுத்து, இடையிடையே பேரரசர் ஹைலே செலாசியின் விருந்துக் காட்சிகளைச் செருகி, நாட்டின் தொலைக்காட்சியில் காட்டினர். மறுநாள் பேரரசர் பதவியிறக்கப்பட்டார். ஒரே படம், முதலில் அதில் எழுவாய் மங்கலாயிருந்தது, வெட்டி ஒட்டியபின் எழுவாய் முடிசூடிய ஒரு மனிதராயிற்று. பேரரசர் குற்றமற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அன்று எழுவாயைச் சுட்டிக்காட்டிய அதே கைகளே பத்தாண்டுகள் கழித்துத் தாங்கள் எழுவாயானபோது அதனை மறைத்தன என்பதே கருதற்குரியது.

1984 இன் செய்தியையும் அதன் பின்விளைவுகளையும் விரிவாக ஆராய்ந்து சூசன் ஃபிராங்க்ஸ் 2013 இல் ஒரு நூல் வெளியிட்டார். போர் என்னும் காரணம் எவ்வாறு பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பதை அதில் தெளிவுறக் காணலாம். முன்னாள் பி.பி.சி. செய்தியாளராகிய அவர் தம் தொழிலையே கூண்டிலேற்றுகிறார் என்பது பாராட்டுக்குரியது. ஆனால் ‘பிப்ளிக்கல்’ என்னும் சொல்லைத் திருமறையோடு ஒத்துப்பார்த்தல் அவர் பணி அன்று. அது நமது பணி.

திருமறையில் வரும் பஞ்சங்கள் எத்தகையவை? காரணம் கூறப்படாதவையும் உண்டு. ஆபிரகாம் எகிப்துக்குச் சென்றபோதும் நகோமியின் குடும்பம் மோவாபுக்குச் சென்றபோதும் தேசத்தில் பஞ்சம் உண்டாயிற்று என்ற அளவிலேயே ஆசிரியர் நிறுத்திக்கொள்கிறார். பி.பி.சி. செய்தியாளரின் நினைவில் இருந்தவை இவையே போலும். மற்றவற்றைப் பார்ப்போம். தாவீதின் நாட்களில் மூன்றாண்டு தொடர்ந்த பஞ்சத்துக்குக் காரணம் வானத்தில் தேடப்படவில்லை. சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழியே காரணம் என 2 சாமுவேல் 21 கூறுகிறது. அந்த அதிகாரத்தில் பழி தீர்க்கப்பட்ட முறை நம்மை நடுங்கச் செய்கிறது. அதனை இங்கே ஆராய இடமில்லை. ஆயினும், ஆண்டவன் ஒருவனுடைய அரசியற் கொலையும் மக்களின் பசியும் ஒரே வாக்கியத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகாபின் காலத்து வறட்சியில் அரசன் செய்தது என்ன? தன் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் உயிரோடு காக்கப் புல் கிடைக்குமா என்று ஒபதியாவோடு நாட்டைப் பங்கிட்டுக்கொண்டு தேடப் புறப்பட்டான் (1 இராஜாக்கள் 18). குதிரை என்றால் அக்காலத்தில் படை. குடிமக்களின் பசியைப்பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை என்பதை நூலாசிரியர் சொல்லாமற் சொல்கிறார்.

ஆதியாகமம் 47 இன்னும் நுட்பமானது. யோசேப்பின் களஞ்சியம் உயிர்களைக் காத்தது. மக்களே அதற்கு நன்றி கூறுகின்றனர். அதே அதிகாரம், முதலில் அவர்கள் பணமும், பின்பு மந்தைகளும், பின்பு நிலமும், இறுதியில் அவர்களே பார்வோனுக்கு உடைமையானதையும், குருமாரின் நிலம் மாத்திரம் கைவைக்கப்படாமல் தப்பியதையும் கணக்கெழுதுவதுபோல் வரிசையாக எழுதிவைத்திருக்கிறது. நிவாரணம் என்பது யாருடைய ஆட்சியை வலுப்படுத்தியது என்று கேட்கும் செய்தியாளன் இவ்வதிகாரத்தில் ஒளிந்திருக்கிறான். தெர்க் அரசின் குடியேற்றத் திட்டத்தை அன்று ஒருவர் இவ்வதிகாரத்தோடு ஒப்பிட்டிருந்தால், ‘திருமறைப் பஞ்சம்’ என்னும் தொடர் பொருள் பொதிந்ததாகியிருக்கும்.

எல்லாவற்றினும் கொடியது 2 இராஜாக்கள் 6 இல் வருகின்ற சமாரியாவின் பஞ்சம். ஒரு கழுதைத்தலையின் விலை எண்பது வெள்ளிக்காசு. பெற்ற பிள்ளையை உண்ட தாயின் முறையீட்டைக் கேட்டு அரசன் தன் ஆடையைக் கிழிக்கிறான். இதற்குக் காரணம் மழையன்று. சீரியாவின் அரசனாகிய பெனாதாத் தன் சேனையோடு வந்து நகரை முற்றுகையிட்டான் என்று கதை தொடங்கும்போதே எழுவாயின் பெயரும் நாடும் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே 1984 இன் பஞ்சம் திருமறைப் பஞ்சம்தான். ஆனால் செய்தியாளர் எண்ணிய பொருளில் அன்று. கோரெமுக்கு நெருங்கிய உறவினன் நகோமியின் பெத்லகேம் அன்று, பெனாதாத்தின் படை சூழ்ந்த சமாரியாவே.

பெயர் வைப்பதில் நம்மவரும் சளைத்தவரல்லர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தை நாம் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்கிறோம். பஞ்சாங்கத்திலுள்ள அறுபது ஆண்டுகளில் ஒன்றின்மேல் பழியைப் போட்டுவிட்டோம். மக்கள் மடிந்துகொண்டிருக்கையில் தானியம் கப்பலேறியதும், நிவாரணப் பணியாளரின் கூலியை ரிச்சர்ட் டெம்பிள் குறைத்ததும் அப்பெயரில் இல்லை. ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியராயிருந்த வில்லியம் டிக்பி அவற்றையெல்லாம் 1878 லேயே நூலாக எழுதிவைத்தார். நிதி திரட்டலில் முன்னின்ற அதே மனிதர் அரசின் கொள்கையையும் கேள்வி கேட்டார் என்பதால், இரக்கமும் விசாரணையும் ஒருவரிடத்தில் கூடியிருத்தல் இயலாத காரியமன்று என்பது புலனாகிறது.

திருச்சபைகள் என் செய்தன? இது நம்மைக் கூர்மையாகத் தொடுகிற கேள்வி. எத்தியோப்பியாவின் மெக்கானே யேசுஸ் சுவிசேஷத் திருச்சபையின் பொதுச் செயலாளர் குதினா துംசா 1979 ஜூலையில் அரசின் ஆட்களால் கடத்திக் கொல்லப்பட்டார். எனவே அவ்வாட்சி எத்தகையது என்பதைச் சபைகள் அறியாமலிருந்தன எனல் பொருந்தாது. நார்வே திருச்சபை உதவி நிறுவனம் முதலிய புராட்டஸ்டண்ட் அமைப்புகள் 1981 லேயே சூடானின் தலைநகராகிய கார்ட்டூமில் ஒரு கூட்டு அலுவலகம் அமைத்து, எல்லை கடந்து, போராளிகள் வசமிருந்த எரித்திரேயாவுக்கும் திக்ரேக்கும் தானியம் அனுப்பிவந்தன. லாரிகள் இரவிலே சென்றன. பகலிலே சென்றால் விமானம் குண்டு போடும். உலகச் செய்தியில் விடுபட்ட எழுவாயை அந்த லாரி ஓட்டுநர்கள் நன்கறிவர். ஆனால் அப்பணி பேரொலியின்றி நடத்தப்பட்டது. வெளிப்படையாகப் பேசினால் பணி நின்றுவிடும், அடிஸ் அபாபாவிலுள்ள சகோதர சபைகளுக்கும் தீங்கு நேரும் என்ற அச்சம் இருந்தது. அந்த மௌனத்தை நாம் எளிதில் கண்டிக்கமாட்டோம். மௌனத்தால் சில உயிர்கள் காக்கப்பட்டன; அதே மௌனத்தால், காணிக்கை தந்த கோடிக்கணக்கான விசுவாசிகள் தாங்கள் எதற்குக் கொடுக்கிறோம் என்று அறியாமலே கொடுத்தனர். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வழியில்லை.

அந்நிலம் மீண்டும் செய்தியில் வந்தது. 2020 நவம்பரில் திக்ரேயில் மறுபடியும் போர் மூண்டது. இம்முறை ‘போர்’ என்னும் சொல் முதல் நாளிலிருந்தே எல்லாத் தலைப்புகளிலும் இருந்தது, படங்கள்தாம் இல்லை. தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. செய்தியாளர் பெரும்பாலும் உள்ளே விடப்படவில்லை. 2021 ஜூனில், மூன்றரை இலட்சம் பேர் பஞ்சத்தின் உச்சநிலையில் இருப்பதாக ஐ.நா. ஆதரவு பெற்ற ஆய்வொன்று கூறியது. எத்தியோப்பிய அரசு அதை மறுத்தது. 2022 நவம்பர் 2 இல் பிரிட்டோரியாவில் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை, உதவிப்பொருள் பெருமளவுக்குத் தடைப்பட்டே இருந்தது. இசை நிகழ்ச்சி எதுவும் நடக்கவில்லை. 1984 இல் படம் இருந்தது, எழுவாய் இல்லை. 2021 இல் எழுவாய் இருந்தது, படம் இல்லை. பட்டினியைப் போர்க்கருவியாக்குவதை ஐ.நா. பாதுகாப்பு அவை 2018 மே மாதத்திலேயே ஒரு தீர்மானத்தால் கண்டித்திருந்தும், உலகின் இரக்கம் கண்ணின் வழியாகவே புறப்படுகிறது.

செய்தியை எவ்வாறு சோதிப்பது என்பதற்கும் சமாரியாவின் கதையே பயன்படுகிறது. முற்றுகை நீங்கியதை முதலில் கண்டவர்கள் நகரவாயிலில் இருந்த தொழுநோயாளர் நால்வர். யாரும் செய்தியாளராக மதிக்காதவர்கள். முதலில் தாங்கள் உண்டு, கொள்ளையில் ஒரு பங்கை ஒளித்துவைத்தபின்னரே, பேசாதிருப்பது நன்றன்று என உணர்ந்து நகரத்துக்கு அறிவித்தனர் என்பதையும் நூலாசிரியர் மறைக்கவில்லை. அரசன் இரவிலே எழுந்து, இது சீரியரின் சூழ்ச்சி என்று தன் அச்சத்தையே விளக்கமாகத் தருகிறான். அப்போது ஊழியக்காரன் ஒருவன் எஞ்சியிருந்த குதிரைகளை அனுப்பிப் பார்க்கலாம் என்று எளிய யோசனை சொன்னான். சென்றவர்கள் வாயிலோடு திரும்பவில்லை. யோர்தான் மட்டும் போய், வழிநெடுகச் சிதறிக்கிடந்த வஸ்திரங்களையும் தட்டுமுட்டுகளையும் கண்டு வந்து சொன்னார்கள். செய்தியை நம்பாமை எளிது, நம்புதலும் எளிது. யோர்தான்வரை நடப்பதுதான் கடினம்.

நமது இறையியற் கல்லூரிகளில் ‘செய்தித் தொடர்பு’ என்ற பாடம் பல்லாண்டுகளாக உண்டு. வானொலிக்கு எழுதவும், துண்டுப் பிரசுரம் தயாரிக்கவும், இப்போது கைப்பேசியில் படம் எடுத்துத் தொகுக்கவும் அதில் கற்பிக்கிறோம். பிறர் எழுதியதை வாசிக்கக் கற்பிப்பது மிகக் குறைவு. மாற்கு நற்செய்தியின் ஒரு பத்தியில் யார் பேசுகிறார், யாருக்காக எழுதப்பட்டது, எது விடப்பட்டுள்ளது என்று மூன்று வாரம் விவாதிக்கும் மாணவர், நாளேட்டின் அயல்நாட்டுப் பக்கத்தை மூன்று நிமிடத்தில் புரட்டிவிட்டு ஞாயிறு ஆராதனைக்கு வேண்டுதல் குறிப்பு எழுதுகின்றனர். அக்குறிப்பிலும் எழுவாய் இருப்பதில்லை.

2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நமது வகுப்பொன்றில் இதனைச் சோதித்துப் பார்த்தோம். ஒரு மாணவர் எழுதிவந்த குறிப்பு, திக்ரேயில் பசியால் வாடும் மக்களை ஆண்டவர் போஷிக்கும்படி வேண்டுவதாக இருந்தது. வினைச்சொற்களையெல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் யார் என்று செய்திகளில் தேடிவரும்படி வகுப்பாரைப் பணித்தோம். ஒரு வாரம் தேடினர். திருத்தப்பட்ட குறிப்பு, உணவு லாரிகளை வழியில் நிறுத்திவைத்திருப்போர் மனந்திரும்பவும், போரிடும் இரு தரப்பாரும் விளைநிலங்களை விட்டு விலகவும் வேண்டியது. இதனை ஆராதனையில் வாசிக்கலாமா என்பதில் வகுப்பு இரண்டுபட்டது. தொலைவிலுள்ள ஓர் அரசைப் பலிபீடத்தின்முன் குற்றஞ்சாட்ட நமக்கு என்ன தெரியும் என்றார் ஒருவர். தெரியாதென்றால் அவர்களுக்காக எதை வேண்டுகிறோம் என்று கேட்டார் இன்னொருவர். மணி அடித்தபின்னும் வாதம் முடியவில்லை; அந்த ஞாயிறு இரண்டு குறிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டன.